பாஸ்காவுக்கு ஒரு கட்டில்

நான் ஓய்வு பெற்ற அன்று மையத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். என்னைப் பற்றிச் சிலர் பேசினார்கள். அவர்கள் சொன்ன அந்த அம்மாளைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. கடைசியில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொண்டையைக் கனைத்தேன். அந்த நேரம் பார்த்து பிரியாணி வந்து இறங்கியது. வாசனை முன்வரிசையை எட்டியதும் செயலாளர் என் காதில், "டீச்சர், சுருக்கமா" என்றார். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று சொல்லாமல் விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன். யாருக்கும் இலை காத்திருக்கவில்லை என்பதால் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. நான் டீச்சர் இல்லை. நாகர்கோவிலை ஒட்டிய இந்த மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருந்தவள். குடியை விட வருகிறவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசுவது என் வேலை. எதிரே உட்காரவைத்து நிறுத்தாமல் பேசுகிறவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. படிக்காமல் கிடைத்த பட்டம், யாருக்குக் கசக்கும்?

அட்மிஷன் போடுவது, கம்ப்யூட்டரில் எதை எங்கே தட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. நான் சொல்ல நினைப்பது அப்ரூவலைப் பற்றி. நீங்கள் வேலைக்கு வரும்போதே அது இருந்தது. அதனால் எப்போதுமே இருந்தது என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. முன்பெல்லாம் அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு தொகை தரும். தாமதமாக வரும், குறைந்து வரும். ஆனால் வந்த பிறகு எந்தக் கட்டிலில் யார் எத்தனை நாள் படுத்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாங்களும் கொஞ்சம் சோம்பேறிகளாகத்தான் இருந்தோம். சிலரை வீட்டுக்கு அனுப்பவே மறந்திருக்கிறோம். ஒருவர் பின்பக்கத் தோட்டத்தில் வெண்டை விதைத்து, காய் பறித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

பிறகு காப்பீட்டுத் திட்டம் வந்தது. பணம் அதே அரசாங்கத்தின் பணம்தான். ஆனால் யாருக்குக் கட்டில், எத்தனை நாள் என்று சொல்வது ஒரு கம்பெனி. அவர்களுடைய டாக்டர்கள் சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, நாங்கள் அனுப்பும் அறிக்கையைப் படித்துவிட்டு, சரி என்பார்கள் அல்லது போதும் என்பார்கள். போதும் என்று வந்துவிட்டால் நோயாளி அன்றைக்கே பையைக் கட்ட வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் அப்ரூவல் என்று பெயர். காலையில் வேலைக்கு வந்தால் ஒருவருக்கொருவர் கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது போய், அப்ரூவல் வந்தாச்சா என்று ஆகிவிட்டது.

இந்தப் புது முறையில் முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. குலசேகரத்திலிருந்து தங்கப்பன் என்று ஒருவர் வந்திருந்தார். (இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) ரப்பர் பால் வெட்டுகிறவர். வந்தபோது கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது. காப்பியில் பாதி இடுப்பில் கட்டிய சாரத்தில், அதாவது கைலியில், கொட்டும். கொஞ்ச நாளில் தேறி, ஒரு சாயங்காலம் வார்டு முழுக்கக் கேட்கும்படி பாடினார். எனக்கோ எழுத்தில் ஒரு மோகம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். அதை யாரும் கேட்காமலேயே சொல்கிறவளும் நான்தான். அன்றாட அறிக்கையில் மற்றவர்கள் 'நலம்' என்று எழுதும் இடத்தில் இப்படி எழுதினேன்: 'முகத்தில் ஒளி. நன்கு உண்டார். பாடினார். சக நோயாளிகளைச் சிரிக்கவைத்தார்.' எழுதிவிட்டு மறுபடி படித்து ரசிக்கவும் செய்தேன். மறுநாளே பதில் வந்தது. நோயாளி குணமடைந்துவிட்டார், இனி உள்சிகிச்சை தேவையில்லை.

தங்கப்பன் சாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குலசேகரம் பஸ் ஏறினார். அவர் தேறியிருந்தாரே தவிர குணமாகியிருக்கவில்லை. ஒரு மாதம் ஆகும் முன்பே பழைய நடுக்கத்தோடு திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "டீச்சரே, இந்தத் தடவ நான் பாடமாட்டேன்."

சொன்னபடியே பாடவும் இல்லை. வார்டில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான், ஒரு மனிதர் பிழைத்து எழுந்து பாடியதைக் காட்டிக்கொடுத்தவளாக ஆகிவிட்டேன் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன். திருந்தினேன் என்றால், எதிர்ப்பக்கமாகப் போய்க் கவிழ்ந்தேன். எல்லா அறிக்கையிலும் இருட்டைக் கொட்டினேன். தூக்கமில்லை, பசியில்லை, நம்பிக்கையில்லை, எந்த முன்னேற்றமும் இல்லை. இரண்டு தடவை கூடுதல் நாட்கள் கிடைத்தன. எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் ஒரு மதிப்பு வந்தது. மூன்றாவது தடவை பதில் வந்தது: 'இவ்வளவு நாள் சிகிச்சையில் எந்த முன்னேற்றமும் இல்லை என்பதால் இங்கே தொடர்வதில் பயனில்லை.' அந்த நோயாளியும் பஸ் ஏறினார்.

எங்கள் மனநல டாக்டர் மார்த்தாண்டத்துக்காரர். என்னைவிட மூத்தவர். மீட்டிங் என்றால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். ஒருமுறை கலெக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது குறட்டை விட்டார். பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் வைத்திருப்பார், ஒன்றுகூட நமக்கு நீட்டமாட்டார். நான் எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றையும் அன்றுதான் வரிசையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர் ஒரு நாள் சிரிக்க வைக்கிய. ஒரு நாள் கொல்லுகிய. இடையில மனுசன் ஒரு நாளும் சும்மா இருக்கல்லியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் மைக்கில் சொல்ல நினைத்தது.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, கழிந்த மறுநாள் காலை. நான் தோவாளைப் பக்கத்திலிருந்து வருகிறவள். பூ மூட்டைகளுக்கு நடுவில் பஸ்ஸில் நின்று வந்து, புடவையெல்லாம் கேந்திப் பூ வாசனையோடு மையத்துக்குள் நுழைந்தேன். வாசலில் மரியபுஷ்பம் நின்றாள். குளச்சலுக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி, தலையில் மீன் சுமந்து விற்கிறவள். பக்கத்தில் அவள் புருஷன் சேசடிமை, வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர். வெள்ளைச் சட்டையும் வாரிய தலையுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்பக் குடிக்காவளா?" என்று கேட்டேன்.

"குடிக்கல்ல டீச்சரே. அதுக்குத்தான் கொண்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலைக்காலம் முழுக்க, புருஷன் குடிக்கிறான் என்று அழைத்து வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். குடிக்கவில்லை என்று அழைத்து வந்தவளை அன்றுதான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"சாம்பல் புதன்ல இருந்து ஒரு சொட்டு தொடல்ல. எல்லா வருசமும் அப்படித்தான். தவசு பிடிச்சா பிடிச்சதுதான். பாஸ்கா அண்ணைக்குத் தொடங்குவாவ, அடுத்த தவசு வரைக்கும் நிறுத்தமாட்டாவ. குடிச்சா சத்தம் போடுவாவ, தட்ட எறிவாவ, அது எனக்குப் பழக்கம். குடிக்காம இருக்கும்பதான் டீச்சரே பயமா இருக்கு. கடலப் பாத்துட்டே இருக்காவ. கூப்பிட்டா காது கேக்கல்ல. முந்தாநாள் வலைய எடுத்துத் தம்பிக்குக் குடுத்துட்டாவ. நீங்க என்ன செய்வியன்னு கேட்டா, பாஸ்கா கழிஞ்சா எனக்கு வலை வேண்டாம்னு சொல்லுதாவ."

கடற்கரை ஊர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவசு என்பது சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் தவக்காலம். அந்த நாட்களில் இறைச்சி இல்லை, கல்யாணம் இல்லை, நேர்ந்துகொண்டவர்களுக்குக் குடியும் இல்லை. பாஸ்கா என்று அவர்கள் சொல்வது ஈஸ்டர். அன்றோடு நேர்ச்சை முடிகிறது. முந்திய வருடம் பாஸ்கா அன்று குடித்துவிட்டு சேசடிமை நேராகக் கடலுக்குள் இறங்கி நடந்திருக்கிறார். வள்ளக்காரர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். போதை என்று ஊர் சொன்னது. மரியபுஷ்பம் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

டாக்டர் அவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது சிப்ஸ் பையைத் தொடவில்லை. "மனச்சோர்வு. ரொம்ப நாளா உள்ள கெடக்குது. குடி அத மூடிட்டு இருந்திருக்கு. மாத்திரை தொடங்கியாச்சு, ஆனா பிடிக்கதுக்குக் கொஞ்ச வாரம் ஆவும். பாஸ்காவும் அதுக்குப் பொறவு கொஞ்ச நாளும் ஆளு இங்கதான் இருக்கணும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி மனநல வார்டில் கேட்டுப் பார்த்தோம், கட்டில் நிரம்பியிருந்தது. அப்படியென்றால் எங்களிடம்தான். அதற்கு அப்ரூவல் வேண்டும். பதில் வரும்வரை அவரை ஒரு கட்டிலில் படுக்கவைத்தோம். அறிக்கை எழுத வேண்டியவள் நான்.

எங்கள் மையத்துக்கு அந்தத் திட்டத்தில் அனுமதி குடிநோய்க்கு மட்டும்தான். அதனால் வருகிறவர் யாரானாலும் அவரைக் குடிகாரர் என்ற சட்டைக்குள் நுழைத்து அனுப்புவது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. மனச்சோர்வு என்று பெரிதாக எழுதினால் 'உங்கள் மையத்துக்கு உரியதல்ல' என்று திருப்பிவிடுவார்களோ என்று பயந்து, அதை ஒரு மூலையில் ஒரே வரியில் அடக்கினேன். அதற்கு மேல் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். 'நோயாளியின் பலங்கள்' என்று ஓர் இடம் உண்டு. அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய், யாரிடமும் முதலில் பலத்தைப் பார்க்க வேண்டும் என்று கற்று வந்திருந்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: 'ஆண்டுதோறும் தவக்காலம் முழுவதும் தம் சொந்த மனவுறுதியால் மதுவைத் தொடாதவர்.' இப்படிப்பட்டவருக்குச் செலவு செய்தால் வீண்போகாது என்று கம்பெனிக்குத் தோன்றும் என்பது என் கணக்கு.

புதன்கிழமை பதில் வந்தது. பல வாரங்களாக மது அருந்தவில்லை, உடலில் பாதிப்பு எதுவும் இல்லை, தாமே நிறுத்திக்கொள்ளக்கூடியவர், ஆகவே அனுமதி இல்லை.

தவசில் குடிக்காதவர் குடியை விட்டவர் என்று இந்தக் கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். மீன்பாடில்லாத நாளில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைப்பதுபோல அது. எல்லாருக்கும் தெரிந்ததை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்னையில் இருப்பவருக்குத் தவசு தெரியாது என்பதும் தோன்றவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திதான் இப்படி ஒரு வரியை நல்லது என்று நினைத்து எழுதியிருக்க முடியும்.

உடனே கம்பெனி டாக்டருக்குப் போன் செய்தேன். குரலை வைத்துப் பார்த்தால் சின்னப் பெண். நான் இங்கிலீஷில் தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனால் வினைச்சொற்கள் மட்டும் வராது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், பேஷன்ட் இப்ப குடிக்கலை. கை நடுக்கம்கூட இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு அட்மிஷன்?" என்றாள். நான் அவளுடைய படிப்பு, கம்பெனி, சென்னை நகரம் எல்லாவற்றையும் சேர்த்து ஏதோ சொன்னேன். பிறகு போனை அறைந்து வைக்கப் போனேன். செல்போனை எங்கே அறைவது? சிவப்புப் பொத்தானை நன்றாக அழுத்தினேன்.

விஷயம் வார்டுக்குப் பரவிவிட்டது. தங்கப்பன் அப்போது மறுபடியும் உள்ளே இருந்தார். அப்ரூவலில் என்னைவிடத் தேர்ந்தவர். வராந்தாவில் நின்ற மரியபுஷ்பத்திடம் அவர், "இதுக்கா வெப்ராளப்படுகிய? ஒரு குவார்ட்டர் குடுத்தா தீந்துது. வாசம் அடிச்சா கட்டில் உண்டு. எனக்கெல்லாம் அப்படித்தான் கிட்டுது" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

அவள் என்னிடம் வந்தாள். "டீச்சரே, வாங்கிட்டு வரட்டா?" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் அந்தப் பாட்டிலோடு சண்டை போட்டவள். எத்தனையோ பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தவள். புருஷன் உயிரோடு இருக்க ஒரு கட்டில் வேண்டும், அந்தக் கட்டிலுக்கு அவர் குடிக்க வேண்டும் என்றால், தன் மீன் காசில் வாங்கி வந்து ஊற்றிக்கொடுக்கத் தயாராக நிற்கிறாள். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காக வேலை பார்த்த ஒருத்தியை அந்த அப்ரூவல் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்று பாருங்கள்.

பதில் சொன்னவர் சேசடிமை. வந்த நாளிலிருந்து என்னிடம் வாய் திறக்காதவர், கட்டிலில் இருந்தபடியே, "பெரிய வெள்ளி வருது. நான் தவசு முறிக்க மாட்டேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாகத் தீர்மானித்திருந்த ஒரு மனிதர், அதற்கு முன்னால் நேர்ச்சையை முறிக்க மனமில்லாமல் இருக்கிறார். அந்த நேர்ச்சை ஒன்றுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரியபுஷ்பம் முதல் நாளே இதைத்தான் சொல்லியிருந்தாள். நான் அதைப் பலம் என்ற இடத்தில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தேன்.

அன்று அவரை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை மறுபடி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். முதலில் முந்தைய நாள் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு தமிழில், நான் வீட்டில் பேசுவதுபோலச் சொன்னேன். தவசு என்றால் என்ன, பாஸ்கா என்றால் என்ன, வலையைத் தம்பிக்குக் கொடுத்தது, போன வருடம் கடலில் இறங்கியது, நேற்று மனைவி என்னிடம் கேட்டது, அவர் சொன்ன பதில். "அம்மா, அவரு குடிய விட்டவரு இல்ல. நாள் எண்ணிட்டு இருக்கவரு" என்றேன்.

"மேடம், இதையெல்லாம் நீங்க எழுதவே இல்லையே" என்றாள். குரல் மாறியிருந்தது. "என்னால சனிக்கிழமை வரைக்கும்தான் போட முடியும். அதுக்கு மேல பெரியவங்க பார்க்கணும். நாளைல இருந்து எங்களுக்கு லீவு. திங்கட்கிழமை விவரமா அனுப்புங்க."

நான் நன்றி சொன்னேன். ஒரு தடவை போதாதென்று திரும்பவும் சொன்னேன். வார்டுக்குப் போய், ஜெயித்துவிட்ட தோரணையில் மரியபுஷ்பத்திடம், "சனிக்கிழமை வரைக்கும் வாங்கியாச்சு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சனிக்கிழமையா? அண்ணைக்கு ராத்திரி பூசையோடதானே டீச்சரே பாஸ்கா."

உயிரைக் காப்பாற்ற வேண்டிய நாள் வரை கேட்காமல், அதன் வாசல் வரை கேட்டு வாங்கி, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். திரும்பப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் ஊருக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்தார். அவரும் கிறிஸ்தவர், பெரிய வெள்ளிக்கு வீட்டில் இருக்க வேண்டும். நான் பதறிப் பதறிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "டிஸ்சார்ஜுக்கு ஆரு ஒப்பு வைக்கணும்?" என்றார்.

"நீங்கதான் டாக்டர்."

"அதுக்கு நான் இங்க இருக்கணும் இல்லியா? திங்களோ செவ்வாயோ வருவேன். ராவும் பகலும் ஒரு நர்ஸ் அவரு பக்கத்துல இருக்கட்டும். எதாவது ஒண்ணுன்னா விளிங்க, நான் ஓடி வந்துருவேன்." சிப்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு உயிர் ஊசலாடும்போது மனுஷன் வீட்டுக்குப் போகிறாரே என்று நர்ஸிடமும், தோட்டக்காரரிடமும், அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பூக்காரம்மாளிடமும் அவரைத் திட்டினேன். சனிக்கிழமை மாலை செயலாளர் வந்து, "அப்ரூவல் முடிஞ்சுபோச்சு, அந்தக் கடற்கரைக்காரருக்கு டிஸ்சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்டார். நான் எரிச்சலோடு, "டாக்டர் ஒப்பு இல்லாம எப்படி சார் அனுப்ப முடியும்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. செயலாளருக்கும் விழுந்தது. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விதிகளின் மனுஷர். கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "இது எங்க போய் முடியுமோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை வரை அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

நம் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு, இப்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன். தீபாவளி, பொங்கலுக்குக் கிறிஸ்தவர்கள் டியூட்டி பார்ப்பார்கள்; கிறிஸ்மஸ், ஈஸ்டருக்கு நாங்கள். அதனால் அந்த ஞாயிறு காலை சேசடிமையின் எதிரே உட்கார வேண்டியது என் முறை. பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது. எங்கேயோ வெடி போட்டார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். "டீச்சரே, பாஸ்கா வந்துட்டு. இனி குடிக்கலாம்" என்றார்.

இந்தக் கணத்துக்காகத்தான் நான் எம்.ஏ. படித்தேன், பயிற்சிகளுக்குப் போனேன், சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டினேன். அப்போது என் வாயில் வந்தது ஒன்றுதான். "காப்பி குடிக்கியளா?"

அவர் என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். "தாங்க" என்றார்.

காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "எல்லாரும் எதனாலன்னு கேக்காவ. ஒண்ணுமில்ல டீச்சரே. காலைல முழிச்சா நனஞ்ச வலைய நெஞ்சுல போட்டது போல இருக்கும். எந்திரிக்க முடியாது. குடிச்சா அது தெரியாது, அவ்வளவுதான்." அவர் அழுதார், நானும் கூட அழுதேன். எந்தப் பயிற்சியிலும் அதைச் செய்யச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மரியபுஷ்பம் பூசை முடிந்து ஆப்பமும் இறைச்சியும் கொண்டு வந்தாள். அவர் சாப்பிட்டார். தங்கப்பன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, தனக்கும் ஓர் ஆப்பம் கேட்டு வாங்கினார்.

டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். நான் அவரிடம், "தெரிஞ்சுதானே போனீங்க?" என்று கேட்டேன். "பாஸ்காவுக்கு வீட்டுல பலகாரம் உண்டு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன், நேருக்கு நேர் மட்டும்.

சேசடிமை மேலும் சில வாரங்கள் இருந்தார். மாத்திரை மெல்லப் பிடித்தது. ஒருநாள் தம்பி வந்தபோது வலையைத் திருப்பித் தரும்படி கேட்டார். அன்றுதான் டாக்டர் டிஸ்சார்ஜில் ஒப்பு வைத்தார்.

பாஸ்காவுக்குப் பிந்தைய நாட்களுக்கு அனுமதி கேட்டு நான் விவரமாக எழுதி அனுப்பியிருந்தேன். அந்தப் பெண் தன் குறிப்பையும் சேர்த்து மேலே அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேலே இருந்து வந்த பதிலை மட்டும் நான் இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன்: 'மேற்படி நாட்களில் நோயாளி மது அருந்தவில்லை. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஆகவே அந்த நாட்களில் உள்சிகிச்சை தேவைப்படவில்லை.'

படித்துவிட்டு நான் மறுப்பு எழுத உட்கார்ந்தேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை, நிற்கவே இல்லை. டாக்டர் எட்டிப் பார்த்து, "இதுல எந்த எடம் அழணும்னு அடிக்கோடு போட்டுக் குடுங்க" என்றார். கிழித்துவிட்டு வேறு எழுதினேன், அதில் மூன்றே வரி: எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவரை வைத்திருந்தோம். எதுவும் நடக்கவில்லை. இதைவிட நல்ல பலனை எப்படிக் காட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் வேலையில் இருக்கும்போது ஒருவேளை வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உங்களையும் இதே கேள்வி கேட்பார்கள் பிள்ளைகளே. நடந்ததைக் காட்டச் சொல்வார்கள். நம் வேலையில் நல்லபடியாக முடிந்தவற்றைக் காட்ட எதுவும் இருக்காது. கட்டிலில் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அதை உள்ளபடி எழுதுங்கள். என்னைப் போல ஒளியையும் இருட்டையும் கலந்து ஊற்ற வேண்டாம். தெரிந்த ஊர்தானே என்று எதையும் விட்டுவிடவும் வேண்டாம். எந்த நாள் வரை வேண்டும் என்பதைப் போன் எடுப்பதற்கு முன்னால் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல அவசரப்படாதீர்கள்.

சேசடிமை இடையில் குடித்திருக்கிறார். திரும்பவும் இங்கே வந்து படுத்திருக்கிறார். கதையில் வருவதுபோலத் திருந்திப் புது மனிதராகிவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பாஸ்காவுக்கு மறுநாள் காலையில் எனக்குப் போன் வரும். இந்த வருடம் நான் ஓய்வு பெற்றுவிட்டேன், வராது என்று நினைத்தேன். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. பின்னால் கடல் சத்தம், மரியபுஷ்பம் யாரிடமோ மீன் விலை பேசும் சத்தம்.

"டீச்சரே, நான்தான்."

"சொல்லுங்க."

"பாஸ்கா கழிஞ்சுது. ஒண்ணும் நடக்கல்ல."

"சந்தோசம்" என்றேன். அவர், தொழிலுக்குப் போக நேரமாயிற்று என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.